படிவத்தில் அடங்காத சித்தி

என் எலிசா அக்காவுக்கு, உன் தம்பி சேவியர் மனசு நிறைந்த அன்போடு எழுதுவது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தங்கை தெரசா போன வாரம் ஹூஸ்டன் போய்ச் சேர்ந்துவிட்டாள். உன் மகள் ஜெசிந்தா விமான நிலையத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாள். பெட்டி இரண்டும் பத்திரமாக வந்துவிட்டன. வீட்டு மரத்து மாங்காய் ஆறு வைத்திருந்தாள், அவற்றை மட்டும் அங்கே பிடுங்கிக்கொண்டார்களாம். அமெரிக்காவைப் பற்றி அவள் இதுவரை சொன்ன ஒரே குறை அதுதான்.

நீ போய் நாற்பத்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நடந்ததில் உனக்கு எதெல்லாம் தெரியும், எதெல்லாம் தெரியாது? எனக்குத் தெரிய வழியில்லை. அதனால் ஒன்றுமே கேள்விப்படாத ஒருவருக்குச் சொல்வது போல ஆதியிலிருந்தே சொல்கிறேன்.

மஞ்சள் காமாலையில் நீ படுத்தபோது ஜெசிந்தாவுக்கு மூன்று வயது. அந்தோணி மச்சான் இங்கே அந்தமானில், வண்டூரில், படகு எஞ்சின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நீ போன மறுவருடம் அவருக்கும் தெரசாவுக்கும் கல்யாணம் நடந்தது. தெரசாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் மதுரையில் ஒரு பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கல்யாணக் கடிதம் கப்பலில் வந்து என் கைக்குக் கிடைத்தபோது கல்யாணமே முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பிள்ளை தன்னை 'சித்தி' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தெரசா முதல் நாளே சொல்லிவிட்டாளாம். அக்கம்பக்கத்தார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், சின்னப் பிள்ளைதானே, அம்மா என்று பழக்கிவிடு என்று. அவள் கேட்கவில்லை. ஏன் என்று காரணம் சொல்லவும் இல்லை. அவளுக்கென்று வேறு பிள்ளை பிறக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு அவள் கடைசிவரை சித்திதான்.

நம் தமிழில் இதில் ஒரு சிக்கலும் கிடையாது. அம்மாவின் தங்கை சித்தி. அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்தி. தெரசா இரண்டுமாக இருந்தாள். ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது, நாற்பது வருடம்.

ஜெசிந்தா மெயின்லாண்டில் நர்சிங் படித்தாள், அமெரிக்கா போனாள், அங்கேயே கல்யாணம் செய்து குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அவளுக்கு ஒரு மகள். உன் பெயர்தான் வைத்திருக்கிறாள், லிசி என்று கூப்பிடுகிறார்கள். உயரமாக வளர்ந்துவிட்டது.

அந்தோணி மச்சான் ஐந்து வருடத்துக்கு முன்னால் உன்னிடம் வந்துவிட்டார். அது உனக்கே தெரிந்திருக்கும். அதன் பிறகு வண்டூர் வீட்டில் தெரசா தனியாக இருந்தாள். படகுத்துறையில் சுற்றுலாப் படகுக்கு வருகிறவர்களுக்கு இட்லி போட்டு விற்பாள். ஜெசிந்தா தினமும் காலை ஆறு மணிக்குப் போன் செய்வாள். ஒருநாள் எடுக்கவில்லை. ஏழு மணிக்கும் எடுக்கவில்லை. ஜெசிந்தா எனக்குப் போன் செய்ய, மதுரையை விட்டு வந்த பிறகு நான் குடியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பைத் தூக்க முடியாமல் ஈரத் தரையில் கிடந்தாள். "கடைய தொறக்கணும்ணே, மாவு புளிச்சிரும்" என்பதுதான் என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு.

அன்றைக்கு ஜெசிந்தா போனில் அழுதாள். "மாமா, நான் வேலைய விட்டுட்டு அங்க வரட்டுமா, இல்ல சித்திய இங்க கொண்டுவரட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள். தெரசா பக்கத்தில் படுத்திருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நீ வந்தா லிசி பள்ளிக்கூடம் என்னாகும்? நான் வாரேன்" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

சட்டம் என்னவென்று ஹூஸ்டனில் ஜெசிந்தாவின் வக்கீல் தெளிவாகவே எழுதியிருந்தார். குடியுரிமை பெற்ற மகள் தன் தாயை நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துக்கொள்ளலாம். மகளுக்குப் பதினெட்டு வயது ஆகுமுன் தந்தையை மணந்த பெண்ணும் தாயாகவே கணக்கு. ஆனால் தாயின் தங்கை என்ற முறையில் ஒருவரை அழைக்க வழியே கிடையாது. அதனால் அப்பாவின் மனைவி என்ற முறையில் தெரசாவை அழைக்க ஜெசிந்தா மனுப் போட்டாள். அதற்கு ஜெசிந்தாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், தெரசாவின் கல்யாணச் சான்றிதழ் வேண்டும், அப்புறம் அக்கா, உன் இறப்புச் சான்றிதழ் வேண்டும். நீ இல்லை என்று ஒரு தாள் சொன்னால்தான் அவள் தாயாக முடியும். அந்த நகலை வாங்க நான்தான் போனேன். கவுன்ட்டரில் உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இத்தனை வருடத்துக்கு அப்புறமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

முதல் கட்டத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மனுவை ஏற்றுக்கொண்டார்கள். நேர்காணலுக்கு மும்பையிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் கூடப் போனேன். உள்ளே அவள் மட்டும்தான் போகலாம். ஒன்றரை மணி நேரம் கழித்து, கையில் பாஸ்போர்ட்டும் ஒரு தாளுமாக வெளியே வந்தாள். எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"கண்ணாடிக்கு அந்தால ஒரு வெள்ளக்காரப் பையன். பக்கத்துல தமிழ் பேசுற ஒரு பொண்ணு" என்று தெரசா ஆரம்பித்தாள். "ஜெசிந்தா உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அக்கா மகள்னு சொன்னேன்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். "தெரசா, மகள்னு சொல்லணும்னு ஜெசி படிச்சுப் படிச்சு சொன்னாளே."

"அக்கா மக எனக்கு மகதானே? பெறகு என்ன, மருமகளா?"

அவள் சொன்னது சரிதானே, அக்கா? நம் முறைப்படி முழுக்கச் சரி.

"அப்புறம், அவ உங்கள எப்படிக் கூப்பிடுவான்னு கேட்டா. சித்தின்னு கூப்பிடுவான்னேன். அந்தப் பொண்ணு இங்கிலீசுல அவங்கிட்ட ஒரே ஒரு வார்த்ததான் சொன்னா. அவன் மூஞ்சி மாறிட்டு."

அந்த ஒரு வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். ஆன்ட்டி.

தாளை வாங்கிப் பார்த்தேன். உறவுக்குக் கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று இருந்தது. அதன் கீழே கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். முன்பு ஒரு விண்ணப்பத்தில் இவர் ஜெசிந்தாவின் ஆன்ட்டி என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது, விளக்கவும் என்று.

அக்கா, அந்த முந்தைய விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்தான்.

லிசி பிறந்த சமயத்தில், ஒரு மூன்று மாதம் ஒத்தாசைக்குப் போய்வர தெரசாவுக்குச் சுற்றுலா விசா கேட்டோம். ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னிடம் படிவத்தைக் கொடுத்தார்கள். உறவு என்ற இடத்தில் நான் 'ஆன்ட்டி' என்று எழுதினேன். இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று கூடவே வைத்த கடிதத்தில், 'காலஞ்சென்ற தாயின் இளைய சகோதரி' என்றும் எழுதினேன். தகப்பனின் மனைவி என்று எழுத வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த விசா வேறு ஏதோ காரணத்துக்காகக் கிடைக்காமல் போயிற்று. அந்தப் படிவத்தை நாங்கள் மறந்துபோனோம். அவர்களுடைய கணினி மறக்கவில்லை.

திரும்பி வரும் விமானத்தில் தெரசா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அண்ணே, நான் பொய் சொன்னேன்னா நெனைக்காவ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் இல்லை என்றேன். அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஜெசிந்தாவின் வக்கீல் அங்கிருந்து சொன்னார், ஊரில் ஒரு வக்கீலைப் பிடித்துப் பழைய ஆவணங்களைத் தேடுங்கள் என்று. மரைன் ஹில்லில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் பத்மாவிடம் போனோம். தெலுங்குக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ், ஹிந்தி, தெலுங்கு எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள். தாளைப் படித்துவிட்டு, விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்று மறைக்காமல் சொன்னாள்.

"அவங்க இத பொய்னு முடிவு பண்ணிட்டா, இந்த விசா மட்டும் போகாது, சேவியர்-ஜி. இனிமே எந்த விசாவும் கிடைக்காம போகலாம். விசிட் பண்ணக்கூட முடியாது. ஜிந்தகி பர்."

வாழ்நாள் முழுக்க என்று அர்த்தம். தெரசாவுக்கும் ஹிந்தி தெரியும். அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நான் ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். பத்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "நீங்க ரிப்போர்ட்டர். நீங்க பேசினா நியூஸ் வரும். எனக்கு நியூஸ் வேண்டாம். ஆன்ட்டி பேசட்டும்."

"நீயும் ஆன்ட்டின்னுதான் சொல்லுத!" என்றாள் தெரசா. "அந்த ஒரு வார்த்தையாலதான் இம்புட்டுப் பாடு."

பத்மா சிரித்துவிட்டாள். உள்ளே திரும்பி, டைப்பிஸ்ட் காதில் விழும்படி, "சுனோ, இன்னைலேர்ந்து இந்த ஆபீஸ்ல ஆன்ட்டி பந்த்! அம்மா-ஜின்னு சொல்லணும்" என்றாள். அன்றைக்குத்தான் அந்த மும்பைப் பயணத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தெரசா சிரித்தாள்.

பிறகு பத்மா சொன்னாள்: "ஹிந்தியில அம்மாவோட தங்கச்சி மௌசி, அப்பாவோட ரெண்டாவது மனைவி சௌதேலி மா, ரெண்டும் தனித்தனி. தெலுங்குல எங்க வீட்டிலயும் உங்கள மாதிரிதான், ரெண்டு பேருமே பின்னி. எனக்குப் புரியுது. ஆனா அமெரிக்காகாரன்கிட்ட ரெண்டு டப்பா இருக்கு. நீங்க ரெண்டு டப்பாலயும் உக்காந்திருக்கீங்க, அம்மா-ஜி. ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு பழைய பேப்பர் சொல்லணும். இப்ப எழுதினது வேண்டாம். பழைய பேப்பர்."

அப்படி என்ன தாள் இருக்க முடியும்? கல்யாணச் சான்றிதழில் மணமகன், மணமகள், சாட்சிகள் பெயர்தான் இருந்தது. மணமகள் யாருக்குத் தங்கை என்று யார் எழுதப்போகிறார்கள்?

பத்மாவின் வேலை செய்யும் முறை ஒன்றை அன்று கவனித்தேன். ஆவணத்தை மூடி வைத்துவிட்டு, கதை கேட்பாள். உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது, முழுசாகச் சொல்லுங்கள் என்றாள். தெரசா முகம் சுருங்கிவிட்டது. அதெல்லாம் எதற்கு என்றாள். பத்மா விடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி தெரசா பேசினாள்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சி. மூணாவது ஓலைக்கு முன்ன சாமியார் நிப்பாட்டிட்டாரு."

"ஓலை மத்லப்?"

இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள் என்று நான் விளக்கினேன்.

"சாமியார் மெயின்லாண்டுலேர்ந்து புதுசா வந்தவரு. நாங்க யாருன்னு தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் போயி, செத்துப்போன பொஞ்சாதிக்கு இது தங்கச்சின்னு சொல்லிட்டான். அக்கா புருசன சும்மா கட்டிர முடியுமா? அப்பம் மேற்றிராணியார் உத்தரவு வேணும்லா. அதுக்கு எழுதிப் போட்டாரு. அஞ்சு மாசம். ஒவ்வொரு கப்பல் வரும்போதும் பாப்போம், கடுதாசி வந்துதான்னு. ஊருல பேசாத பேச்சில்ல. தண்ணி எடுக்கப் போனா, 'என்ன தெரசா, உத்தரவு வந்தாச்சா'ம்பாளுவ. நான் அத யாருகிட்டயும் சொன்னதில்ல. அண்ணங்கிட்டகூட."

உண்மைதான். எனக்கு அப்போதுதான் தெரியும். உலகத்தையே கேள்வி கேட்டுப் பிழைத்தவன், கூடப்பிறந்தவளிடம் உன் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பத்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா-ஜி, அந்தக் கடுதாசி எங்க?"

"எனக்கென்ன தெரியும்? கோயில்ல இருக்கும்."

அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டத்தில் இறந்த மனைவியின் தங்கையை மணப்பதற்குத் தடை இருந்தது. தெரசா மேற்றிராணியார் என்று சொன்ன ஆயர் தனியாக அனுமதி கொடுத்தால்தான் முடியும். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் அந்தச் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். தெரசாவின் கல்யாணம் கொஞ்சம் தாமதமாக நடந்திருந்தால், அந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. இதையெல்லாம் நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே மூவரும் கோயிலுக்குப் போனோம். இப்போதுள்ள பங்குச் சாமியார் ராஞ்சிப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னோம். பீரோவைத் திறந்து பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசு தட்டினார். கல்யாணப் பக்கம் கிடைத்தது. ஓரத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், பொடி எழுத்தில் இரண்டு வரி. பக்கத்தோடு குண்டூசி குத்தி, துருப்பிடித்த அடையாளத்துடன், மடித்த ஒரு கடிதம்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம். அதில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணமகள் தெரசா, மணமகனின் இறந்த மனைவி எலிசபெத்தின் உடன்பிறந்த தங்கை. முதல் மணத்தில் பிறந்த ஜெசிந்தா என்ற நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையின் வளர்ப்பைக் கருதி, தடையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. கீழே கையொப்பம், முத்திரை, தேதி.

பத்மா அதை மூன்று தடவை படித்தாள். "பஸ்" என்றாள். போதும் என்று அர்த்தம்.

தெரசா என் சட்டைக் கையை இழுத்தாள். "என்னண்ணே எழுதியிருக்கு?" நான் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டுத் தாளின் பக்கம் குனிந்தாள். "அப்பம் அக்கா பேரு, என் பேரு, புள்ள பேரு மூணும் இதுல இருக்கா? இந்தத் தாளத்தான் நான் அஞ்சு மாசம் திட்டிக்கிட்டே இருந்தேன்."

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. பத்மாவின் அலுவலகத்தில் தெரசாவின் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தயாரானது. ஆங்கிலத்திலும் தமிழிலும். தமிழில் டைப்பிஸ்ட் 'மாற்றாந்தாய்' என்று அடித்திருந்தார். நான் வாசித்துக் காட்டினேன். தெரசா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து பஸ் ஏறி வண்டூர் போய்விட்டாள்.

இரண்டு நாள் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது ஜெசிந்தா போனில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு, தெரசா பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள்.

"சித்தி, அது சட்டத்துல உள்ள வார்த்தை. போடு."

"கதையில வார மாத்தாந்தாயி மாதிரியாட்டி நான் உன்ன வளத்தேன்? ஒரு நாளாவது உனக்குச் சோறு போடாம இருந்திருக்கனா? அடிச்சிருக்கனா?"

"அடிச்சிருக்க."

"அது படிக்காததுக்கு."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனாலும் அவள் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் பத்மாதான் இறங்கி வந்தாள். ஆங்கிலத்தில் சட்டத்தின் சொல் இருக்கட்டும், தமிழில் 'தந்தையின் இரண்டாம் மனைவியும் தாயின் உடன்பிறந்த தங்கையுமான சித்தி' என்று மாற்றலாம் என்றாள். வாசித்துக் காட்டினேன். "இது சரி" என்று சொல்லி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள்.

நானும் ஒரு வாக்குமூலம் எழுதினேன். பழைய படிவத்தை நிரப்பியது நான், அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள், நான் ஒன்றை மட்டும் எழுதினேன் என்று. ஏழு தடவை திருத்தினேன். பத்மா அதை மூன்று வாக்கியமாகக் குறைத்துவிட்டாள். "நீங்க பொய் எழுதல, சேவியர்-ஜி. பாதி எழுதினீங்க. அத சொல்லிட்டு நிறுத்துங்க" என்றாள். நாற்பது வருடம் எழுதியவனுக்கு அந்த வெட்டு வலிக்கவில்லை, பாரம் இறங்கினது போல இருந்தது.

எல்லாவற்றையும் அனுப்பினோம். பதினோரு வாரம் ஒரு பதிலும் இல்லை. அதற்குள் நம் ஊரின் பெயர் மாறிவிட்டதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். காகிதத்தில் போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். பஸ்காரர்கள் இன்னமும் பழைய பெயரைத்தான் கூவுகிறார்கள். புதுப் பெயர் போட்ட ஒரு தாளையும் பழைய பெயர் போட்ட பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தெரசா, "ஊரே பேர மாத்திக்கிட்டு நிக்கி, அத ஒருத்தரும் கேக்கல. எனக்கு ரெண்டு முறை இருக்குன்னா மட்டும் கேக்காவ" என்றாள்.

பிறகு மறுபடியும் மும்பைக்குக் கூப்பிட்டார்கள். புறப்படும் முன் பத்மா ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினாள். "மகள்னு மட்டும் சொல்லாதீங்க, அக்கா மகள்னு மட்டும் சொல்லாதீங்க. முழுசா சொல்லுங்க, அம்மா-ஜி. பாதி வேண்டாம்."

நான் அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டாள். கையில் பாஸ்போர்ட் இல்லை. அவள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆற அமரச் சொன்னாள்.

"இந்தத் தடவ ஒரு பொம்பள. கண்ணாடி போட்டிருந்தா. கோயில் கடுதாசிய ரொம்ப நேரம் படிச்சா. பக்கத்துல தமிழ் பேசுறதுக்கு ஒரு பையன். ஜெசிந்தா யாருன்னு கேட்டான். எங்க அக்கா பெத்த மக, எங்க வீட்டுக்காரருக்கு மக, அவரக் கட்டுனதால எனக்கும் மக, நான்தான் வளத்தேன்னு சொன்னேன். முழுசா."

"சரி. அப்புறம்?"

"பெறகு அந்தப் பொம்பள கேட்டா, அப்படின்னா அவ ஏன் உங்கள அம்மான்னு கூப்பிடல, ஏன் சித்திங்கான்னு."

நாற்பத்து மூன்று வருடமாக யாரும் பதில் வாங்காத கேள்வி அது, அக்கா.

"நீ என்ன சொன்ன?"

"அவளுக்கு அம்மா இருக்கால்லா, எலிசான்னு, அப்படின்னேன்."

"இருக்கான்னா சொன்ன?" நான் எழுந்தே விட்டேன். உன் இறப்புச் சான்றிதழ் அந்தக் கோப்பில் இருக்கிறது. நீ உயிரோடு இருந்தால் தெரசாவின் கல்யாணமே செல்லாது. "ஐயோ தெரசா!"

"இருங்க, பதறாதீய. அந்தப் பையனும் ஒங்கள மாதிரித்தான் பதறிட்டான். உயிரோட இருக்காங்களாம்மான்னு கேட்டான். இல்லப்பா, செத்துப் போயிட்டா, கல்லறை இருக்கு, காகிதமும் குடுத்திருக்கோம். ஆனா அவதானே அம்மா? செத்துப்போனா அம்மா இல்லன்னு ஆயிருமா? அவ எடத்துல நான் போயி எப்படி உக்கார? அதான் சித்தின்னு கூப்பிடச் சொன்னேன்னேன்."

"அத அவன் இங்கிலீஷ்ல சொன்னானா?"

"ரொம்ப நேரம் சொன்னான். நான் சொன்னதவிட நெறையச் சொன்னான். அந்தப் பொம்பள ஒண்ணும் பேசல. கடுதாசிய மடிச்சா. பெறகு பாஸ்போட்ட எடுத்து அவ பக்கமா வச்சிக்கிட்டா. நான் விடல. போன தடவ குடுத்தீயளே, இப்ப என்ன, குடுங்கன்னேன். அந்தப் பையன் சிரிச்சிட்டான். 'அம்மா, அத நாங்க வச்சிக்கிட்டாத்தான் விசா'ன்னான்."

டீக்கடைக்காரர் இன்னொரு டீ வேண்டுமா என்று ஹிந்தியில் கேட்டார். தெரசாதான், "தோ சாய், பய்யா, சீனி ஜாஸ்தி" என்றாள். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை அவள் அறிவாள். அன்றைக்கு அவள் கண்டுகொள்ளவில்லை, நானும் குடித்தேன்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தோம். அங்கே விடியவில்லை. ஒரே மணியில் எடுத்தாள். தெரசா, "கெடச்சிட்டுட்டி" என்றாள். பிறகு லிசிதான் போனை வாங்கிப் பேசியது. அதற்கு நம் தமிழ் அரைகுறைதான். "அம்மா அழுறாங்க, ஆனா நல்ல அழுகை" என்றது.

புறப்படுவதற்கு முந்தின நாள் தெரசா உன் கல்லறைக்கு வந்தாளே, பார்த்தாயா? நானும் வந்திருந்தேன், கேட் பக்கம் நின்றுகொண்டேன். உன் பக்கத்தில் மச்சான். மச்சானுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அது அவளுக்கென்று மச்சான் போன அன்றே சாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். எனக்கு அதுவும் புதுச் செய்தி. அந்த இடத்தில் முளைத்திருந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். உன்னிடம் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் சிலுவை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

வரும் வழியில் என்னைக் கடிந்துகொண்டாள். "ஊருக்கெல்லாம் எழுதுதீய, அக்காவுக்கு ஒரு கடுதாசி எழுதக் கூடாதா? நான் போறத அவகிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல. நீங்க எழுதிருங்க. அந்த எடத்த யாருக்கும் குடுத்துராதீயன்னு சாமியார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் வருவேன்."

சொல்லிவிட்டேன், அக்கா. சாமியாரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொல்லிவிட்டேன். இனிமேல் கல்லறைத் திருநாளுக்கு வேலை இருக்கிறது, கப்பல் செய்தி இருக்கிறது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு வாங்கி, உன் சிலுவைக்கும் மச்சான் சிலுவைக்கும் என் கையாலேயே வெள்ளையடிப்பேன். உங்கள் இருவருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். பக்கத்திலுள்ள அந்தக் காலி இடத்தில் புல்லை மட்டும் வெட்டிவிடுவேன், அங்கே எதையும் ஏற்ற மாட்டேன். லிசி பள்ளிக்கூடம் முடிக்க வேண்டும், கல்லூரி போக வேண்டும், அதையெல்லாம் தெரசா கூடவே இருந்து பார்க்க வேண்டும். அவள் நிதானமாக வரட்டும். நீயும் மச்சானும் கூப்பிடாமல் இருங்கள்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சேவியர்